மண் தரைக்கு ஃபோர் வீல் டிரைவ் பகி: எதை வாங்குவது?

கேள்வி: மண் தரையில் ரேஸ் ஓட்ட ரிமோட் பகி (கரடுமுரடான தரையில் ஓடும் சின்ன ரேஸ் கார்) வாங்கப் போகிறேன். ஃபோர் வீல் டிரைவ்தான் வேண்டும். டபிள்யூஎல்டாய்ஸ் 144001, டாமியா டிடி-02பி, எக்ஸ்ரே எக்ஸ்பி4 இந்த மூன்றில் எதற்குப் பணம் போடலாம்?

பதில்: வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் நீங்கள் ஓட்டப்போகும் தளத்துக்கு ஒரு நாள் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். அங்கே எந்த ஸ்கேல் (நிஜ வண்டியில் எத்தனையில் ஒரு பங்கு அளவு) ஓடுகிறது, எந்த மோட்டார் வகுப்பு இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எல்லாரும் 1/10 ஓட்டுகிற இடத்தில் நீங்கள் மட்டும் 1/14 கொண்டுபோனால் போட்டியே இருக்காது. அதோடு, பெரிய வண்டிகள் வளைவில் தோண்டிப்போட்ட பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கி அடித்தட்டு தரையில் மோதும்.

144001 அந்த 1/14 ரகம்தான். உலோகத் தட்டு, 2 செல் 1500 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) எல்லாம் சேர்ந்தே வரும். பெட்டியைப் பிரித்ததும் ஓட்டலாம். கை பழக நல்ல வண்டி. ஆனால் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியும் ஒரே போர்டில் இருப்பதால் ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

டிடி-02பி நீங்களே பூட்ட வேண்டிய கிட். பூட்டும்போதே எந்தத் திருகு எங்கே போகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும், பிறகு ரிப்பேருக்குப் பயமில்லை. ஷாஃப்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் தண்டு வழியாகச் சக்கரங்கள் சுற்றும்), 540 அளவு மோட்டார், ஆயில் ஷாக். பால் பேரிங்குக்குப் பதிலாக புஷ்தான் (குண்டுகள் இல்லாத வெறும் வளையம்) பெட்டியில் இருக்கும். மண் தூள் புகுந்தால் புஷ் சீக்கிரம் தேய்ந்து சக்கரம் ஆட ஆரம்பிக்கும். ஆகவே கிட் வாங்கும் அன்றே 1150 அளவு பால் பேரிங் செட்டையும் வாங்கி, பூட்டும்போதே போட்டுவிடுங்கள். பிறகு போடுவதென்றால் வண்டி முழுவதையும் கழற்ற வேண்டும். இதில் ஸ்லிப்பர் கிளட்ச் (திடீர் அடி விழும்போது வழுக்கிக் கொடுத்துப் பல்சக்கரத்தைக் காப்பது) கிடையாது. குதித்து இறங்கும்போது த்ராட்டிலைப் பிடித்தபடியே இருந்தால் அந்த அடி நேராகப் பல்சக்கரத்தில் விழும். தரை தொடும் முன் விரலைத் தளர்த்திப் பழகுங்கள்.

எக்ஸ்பி4 முழு ரேஸ் வண்டி. மண்ணுக்கு 'டி', கார்ப்பெட்டுக்கு 'சி' என்று இரண்டு விதமாக வருகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 'சி' வாங்கி மண்ணில் இறக்காதீர்கள். இந்தப் பெட்டியில் மோட்டார், இஎஸ்சி, சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் மோட்டார்), ரேடியோ, பேட்டரி, சார்ஜர், டயர் எதுவும் இருக்காது. இவற்றுக்கும் ஏறக்குறைய கிட் விலை அளவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

எந்த வண்டியானாலும் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். முன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை), ஸ்டீயரிங் பிளாக் (முன் சக்கரத்தோடு திரும்பும் துண்டு), பின் ஹப் (பின் சக்கரத்தைப் பிடிக்கும் துண்டு), டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு), ஸ்பர் கியர் (மோட்டாரால் சுற்றும் பெரிய பல்சக்கரம்) ஆகிய ஐந்தும் அடிக்கடி போகிறவை. கடைக்காரரிடம் இவை இன்று கையிருப்பில் உள்ளனவா என்று கேளுங்கள். 'ஆர்டர் போட்டு வரவழைத்துத் தருகிறேன்' என்பார்கள். அந்தப் பதில் வந்தால் வண்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நூறு ரூபாய் பிளாஸ்டிக் துண்டு ஒன்றுக்காக வாரக்கணக்கில் வண்டி அலமாரியில் கிடப்பதைவிட, சுமாரான வண்டி தினமும் ஓடுவது எவ்வளவோ மேல். உதிரி கிடைக்கிறதென்றால் முதல் வண்டிக்கு என் தேர்வு டிடி-02பி.

கேள்வி: ஓட்டிப் பழகிய ஒருவர் தன் ரேஸ் பகியை விற்கிறார். எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

பதில்: நாலு ஷாக்கின் கீழ்முனையையும் கழற்றச் சொல்லுங்கள். ஆர்மைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் உள்ளே இருக்கும் ஹிஞ்ச் பின் (ஆர்ம் அசையும் கீல் கம்பி) வளைந்திருக்கிறது, அல்லது மண் அடைத்திருக்கிறது. அடுத்து ஷாக் தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கீறல் இருந்தாலும் அது சீலை அறுத்து ஆயிலைக் கசியவிடும்.

பின் சக்கரம் ஒன்றை மெதுவாகச் சுற்றினால் மற்றது எதிர்ப்புறம் வழவழவென்று சுற்ற வேண்டும். நறநறவென்றால் டிஃபில் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி) பல் போயிருக்கும், அல்லது மண் புகுந்திருக்கும். டிரைவ் ஷாஃப்டின் முனையில் உள்ள சின்ன ஆணி உருண்டையாக இருக்கிறதா, ஒரு பக்கம் சப்பையாகிவிட்டதா என்றும் பாருங்கள். சப்பையானது, அது உட்காரும் கப்பையும் சேர்த்தே தின்றிருக்கும். இரண்டையும் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பெல்ட் வண்டியென்றால் பெல்ட்டின் பற்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஒரு சின்னக் கல் உள்ளே போனாலே பல் பிய்ந்துவிடும்.

கூடவே லிப்போ பேட்டரியும் தருகிறேன் என்றால் தட்டையான மேஜையில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் உப்பியிருந்தாலும் இலவசமாகக்கூட வாங்காதீர்கள்.

கேள்வி: மோட்டார் எவ்வளவு வேகமானது போடலாம்? பேட்டரியை வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைக்கலாமா?

பதில்: 2 செல் லிப்போவோடு 13.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார் போதும் (டர்ன் என்பது கம்பிச் சுற்று, எண் குறையக் குறைய வேகம் கூடும்). அனுபவசாலிகள் போடும் 6.5, 7.5 டர்னைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். புதியவர் நேரத்தை இழப்பது கவிழ்ந்து கிடப்பதில்தான், வேகம் கூடினால் கவிழ்வதும் கூடும். மோட்டார் பூட்டும்போது பினியனுக்கும் (மோட்டார் தண்டில் உள்ள சின்னப் பல்சக்கரம்) ஸ்பருக்கும் நடுவே ஒரு துண்டு நோட்டுத்தாளை விட்டு, இரண்டையும் அழுத்திப் பிடித்துத் திருகை இறுக்குங்கள். பிறகு ஸ்பரைச் சுற்றினால் தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வெளியே வர வேண்டும். கிழிந்தால் இடைவெளி போதாது, மோட்டார் சூடாகும். ஐந்து நிமிடம் ஓட்டியதும் மோட்டாரில் விரல் வைத்து மூன்று விநாடி பொறுக்க முடியவில்லையென்றால் பினியனில் ஒரு பல் குறையுங்கள்.

பேட்டரியை உள்ளூரில் வாங்குங்கள். தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளை (லிப்போவும் இதில் சேரும்) பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது, பார்சல் பாதியில் நின்றுபோகலாம். 4000 எம்ஏஎச் பேட்டரியை 4 ஆம்பியரில், பேலன்ஸ் முறையில் (எல்லா செல்லும் சமமாக நிறையும்படி) சார்ஜ் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: டயரில் எது நல்லது?

பதில்: தூசியும் உதிரி மண்ணுமாக இருந்தால் உயரமான, இடைவெளி விட்ட ரப்பர் முளைகள் உள்ள டயர். தண்ணீர் தெளித்து இறுகிய தரையென்றால் நெருக்கமான, குட்டையான முளைகள். அந்தத் தளத்தில் முன்னால் ஓடுகிறவர் எதைப் போட்டிருக்கிறார் என்று பார்ப்பது எந்தப் பட்டியலையும்விட நம்பகமானது. உள்ளே போடும் ஃபோம் குளோஸ்டு செல் (துளைகள் மூடிய) ரகமாக இருக்கட்டும், மற்றது சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒட்டுவதற்கு முன் ரிம்மின் பள்ளத்தையும் டயரின் விளிம்பையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். புது ரப்பரில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பு போகாவிட்டால், சூப்பர் க்ளூ எவ்வளவு ஊற்றினாலும் முதல் வேகமான வளைவிலேயே டயர் ரிம்மை விட்டுப் பிரிந்துவிடும்.