கூனி உட்கார்வதால்தான் கழுத்து வலிக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 36. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. ஆறு மாதமாகக் கழுத்திலும் மேல் முதுகிலும் வலி. ஒரு மையத்தில் என்னைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் படம் எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார்கள். தலை முன்னால் தள்ளியிருப்பதுதான் காரணம், இப்போதே நிமிர்த்தாவிட்டால் எலும்பு தேய்ந்துவிடும் என்கிறார்கள். 30 அமர்வுகளுக்கு முன்பணம் கேட்கிறார்கள். என் 12 வயது மகளும் கூனி உட்காருகிறாள் என்று அவளுக்கும் ஒரு பெல்ட் வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள், பெல்ட்டும் வாங்காதீர்கள். உங்கள் வலி உண்மையானது, அதற்குச் செய்ய வேண்டியதும் உண்டு. ஆனால் அந்தப் படத்தில் வரைந்த கோடு உங்கள் வலிக்கான காரணத்தைக் காட்டவில்லை.

கூனி அமர்பவர்களுக்கு வலி வரும், நிமிர்ந்து அமர்பவர்களுக்கு வராது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஆஸ்திரேலியாவில் 17 வயதினர் அமரும் விதத்தைப் பதிவு செய்துகொண்டு, 22 வயதில் அவர்களுக்குக் கழுத்து வலி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கூனி அமர்ந்த ஆண்களுக்கு வலி கூடியிருக்கவில்லை. பெண்களிலோ, நிமிர்ந்து அமர்ந்தவர்களைவிடக் கூனி அமர்ந்தவர்களுக்கு வலி குறைவாகவே இருந்தது. வலி உள்ளவர் வளைந்து அமர்வதைப் பார்த்து வளைவுதான் வலியைத் தந்தது என்கிறோம். பல நேரங்களில் வலிதான் அவரை வளைய வைத்திருக்கும். எந்த நிலையிலும், அது எவ்வளவு அழகான நிலையாக இருந்தாலும், மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் தசை இறுகி வலிக்கும். தூக்கக் குறைவு, மன அழுத்தம், திடீரென்று கூடிய வேலைப்பளு ஆகியவை அந்த வலியை மேலும் பெரிதாக்கும்.

கைப்பேசியைக் குனிந்து பார்த்தால் கழுத்தின் மீது 27 கிலோ எடை ஏறுகிறது என்ற படத்தையும் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அது 2014-இல் வெளியான, கணினி மாதிரியைக் கொண்டு போட்ட ஒரு கணக்கு. அதற்காக யாருடைய வலியும் அளக்கப்படவில்லை.

கோடு போட்ட படத்தை நம்ப வேண்டாம் என்பதற்கு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, நீங்கள் கவனிக்காதபோது ஒன்று, படம் எடுக்கிறார் என்று தெரிந்தபின் ஒன்று, மூச்சை இழுத்துப் பிடித்தபடி ஒன்று என மூன்று படங்கள் எடுக்கச் சொல்லுங்கள். காதுக்கும் தோளுக்கும் உள்ள தூரம் மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் பலவற்றில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

அடுத்த பொறி ஸ்கேன். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். அதில் 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. ஆகவே 'தேய்மானம்' என்ற ஒரு சொல்லைக் காட்டிப் பயமுறுத்துபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு இடுப்பு பெல்ட்டும், இழுவை சிகிச்சையும், அல்ட்ராசவுண்டு சிகிச்சையும் வழக்கமாகத் தரத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. இருந்தும் அவை தொடர்கின்றன. ஏனென்றால் கருவிக்குக் கட்டணம் போடலாம், நோயாளியிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்குக் கட்டணம் போட இந்த அமைப்பில் இடமில்லை. இத்தனை ஆண்டுகளில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். நாற்காலியில் சாய்ந்தும், முன்னால் வந்தும், கூனியும்கூட அமருங்கள். மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தோளுக்கும் மேல் முதுகுக்கும் எடை இழுக்கும் பயிற்சியைச் சிறிய எடையில் தொடங்கி, சில மாதங்கள் விடாமல் செய்யுங்கள். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, காய்ச்சலோடு வலி வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் மகளின் விஷயத்தில் மட்டும் ஒன்றைத் தவறவிடக் கூடாது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் என்ற நிலை, வேகமாக உயரம் கூடும் இந்த வயதில்தான் பெரும்பாலும் கூடும். இது கூனி உட்கார்வதால் வருவதல்ல, தொடக்கத்தில் வலிப்பதும் அரிது. அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது. அவளை இரு கால்களையும் சேர்த்து நிற்கச் சொல்லி, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்தபடி மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று, உங்கள் கண் அவள் முதுகின் மட்டத்துக்கு வரும்படி தாழ்ந்து பாருங்கள். விலாப் பகுதி ஒரு பக்கம் மட்டும் மேடாக எழுந்தால் எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; அங்கே எக்ஸ்ரே எடுப்பது நியாயம்தான். வளரும் வயதில் வளைவு 25 டிகிரியைத் தாண்டினால் உடலுக்கு அளவெடுத்துச் செய்யும் கெட்டியான கவசம் பலன் தரும். 2013-இல் வெளியான ஆய்வில், கவசம் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கும், அணியாதவர்களில் 48 சதவீதம் பேருக்கும் வளைவு 50 டிகிரியை எட்டாமலே வளர்ச்சி முடிந்தது. அந்தக் கவசம் வேறு, தோளைப் பின்னால் இழுக்கும் அந்த ரப்பர் பட்டை வேறு.

'நிமிர்' என்றதும் அவள் முதுகு நேராகிறது, குனியும்போது இரு பக்கமும் சமமாக இருக்கிறது என்றால் அவளை விட்டுவிடுங்கள். வளர்ந்து முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே போல் குனியச் சொல்லிப் பார்த்தால் போதும்.