போன் வழியாக லேப்டாப்புக்கு நெட்: 2 ஜிபி காலையிலேயே தீர்ந்துபோவது ஏன்?

கேள்வி: கம்பம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஃபைபர் இணைப்பு இன்னும் வரவில்லை. வீட்டிலிருந்து அக்கவுண்ட்ஸ் வேலை பார்ப்பதற்காக விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் நெட். ஒரு நாளைக்கு 2 ஜிபி பிளான். போனில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை மிச்சமாகும். இப்போது சில நாட்களில் பத்தரை மணிக்கே தீர்ந்துவிடுகிறது. போன் கொதிக்கிறது. மீட்டிங் நடுவில் யாராவது கூப்பிட்டால் நெட் நின்றுவிடுகிறது. சிம் போட்டு லேப்டாப்பில் செருகும் டாங்கிள் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் செட்டிங்ஸை மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் டேட்டா. போன் எப்போதும் சிக்கனமாகவே இருக்கும். ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாவற்றையும் முடிந்தவரை வைஃபை கிடைக்கும்வரை தள்ளிவைக்கும். லேப்டாப் அப்படி இல்லை. உங்கள் ஹாட்ஸ்பாட்டும் அதற்கு வைஃபைதான். அளவில்லாத பிராட்பேண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு விண்டோஸ் அப்டேட்டை இறக்கும், ஸ்டோரில் உள்ள ஆப்களைப் புதுப்பிக்கும், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களை ஒன்டிரைவுக்கு (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) ஏற்றும். புது லேப்டாப்பில் முதல் சில வாரங்களுக்கு இந்த வேலை அதிகம். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தர அப்டேட்டை இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நமக்கு அது இரவு நேரம், அதனால் புதன்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் இறக்கம் தொடங்கிவிடும். டேட்டா சீக்கிரம் தீர்ந்த நாட்களில் புதன்கிழமை இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

இதை நிறுத்த ஒரே ஒரு சுவிட்ச் போதும். லேப்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். இது அளந்து தரும் இணைப்பு என்று அப்போதுதான் விண்டோஸுக்குத் தெரியும். பெரும்பாலான அப்டேட்டுகள் நிற்கும், ஒன்டிரைவும் தானாக ஓய்ந்துவிடும். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், மேலே மேலே டேட்டா பேக் போட்டுக் காசைக் கரைக்கிறார்கள்.

அதற்காகப் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒரேயடியாக நிறுத்திவைக்கக் கூடாது. அதுவும் நீங்கள் பிறருடைய கணக்குகளைக் கையாளுகிறவர். தினசரி டேட்டா பொதுவாக நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். எனவே மிச்சம் இருக்கிற நாளில் இரவு பத்தரை, பதினொன்றுக்கு அந்த சுவிட்சை ஆஃப் செய்து அப்டேட்டை ஓடவிட்டு, முடிந்ததும் மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.

அப்புறம் மீட்டிங். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி ஆகும். ஓரளவு தெளிவான வீடியோ கால், போக ஒன்று, வர ஒன்று என 2 மெகாபிட்டைத் தாண்டும். ஆக ஒரு மணி நேர மீட்டிங்குக்கே கிட்டத்தட்ட 1 ஜிபி. உங்கள் முகம் தெரிய வேண்டிய நேரத்தில் மட்டும் கேமராவை ஆன் செய்யுங்கள். மற்றவர்களின் வீடியோவையும் நிறுத்திவைக்கும் வசதி பல மீட்டிங் ஆப்களில் உண்டு. குரல் மட்டும் என்றால் செலவு மிகவும் குறைவு. 2 ஜிபி தீர்ந்த பிறகு பெரும்பாலான பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 1 எம்பி ஃபைல் வருவதற்கே இரண்டு நிமிடம் ஆகும். அதில் மீட்டிங் நடக்காது.

போன் சூடாவதற்கு வருவோம். ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் டவரோடு பேசுகிறது, வைஃபை அலையும் பரப்புகிறது, பக்கத்திலேயே சார்ஜும் ஏறுகிறது. மூன்றும் சேர்ந்த சூடுதான் அது. யுஎஸ்பி கேபிளுக்கு மாறினால் வைஃபை பரப்பும் வேலை போய்விடும். லேப்டாப்பின் பழைய வகை யுஎஸ்பி போர்ட் அரை ஆம்பியர் அளவே கொடுக்கும், அதனால் சார்ஜும் மெதுவாக ஏறும். போனுக்கு அது நல்லது.

செய்வது சுலபம். கேபிளைச் செருகிவிட்டு, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். கேபிள் செருகாதவரை அந்த இடம் மங்கலாகவே இருக்கும். செருகிய பிறகும் அப்படியே இருந்தால், அது பெரும்பாலும் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாக இருக்கும்; டேட்டா போகும் கம்பிகள் அதில் இருக்காது. போனோடு பெட்டியில் வந்த கேபிளை முயன்று பாருங்கள். லேப்டாப்பில் இந்த இணைப்பு ‘ஈதர்நெட்’ என்று காட்டும். அங்கேயும் தனியாக மீட்டர்டு சுவிட்சை ஆன் செய்ய வேண்டும். சில போன்களை ஒவ்வொரு முறை செருகும்போதும் விண்டோஸ் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும், ஆகவே தொடக்கத்தில் சில நாள் சுவிட்சைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்காவிட்டால் கேபிளைவிட இடம்தான் முக்கியம். சிக்னல் பலவீனமானால் போன் அதிக சக்தியோடு டவரைத் தேடும், இன்னும் சூடாகும். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’, சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் (சிக்னலின் வலுவைச் சொல்லும் அலகு) கணக்கில், மைனஸ் எண்ணாக இருக்கும். 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டி 115, 120 என்று போனால் மோசம். வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாக வைத்துப் பாருங்கள், வித்தியாசம் ஆச்சரியமாக இருக்கும். நல்ல ஜன்னல் ஒன்று கிடைத்து, அது உட்காரத் தோதில்லாத இடமாக இருந்தால், கவரைக் கழற்றி, வெயில் படாமல் போனை அங்கே வைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்துங்கள். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் அலைவரிசையை, ஒரே அறை என்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ், இடையில் சுவர் இருந்தால் 2.4 என்று வையுங்கள். பாஸ்வேர்டு கட்டாயம். புளூடூத் வழியாகவும் நெட் தரலாம், ஆனால் மெயில் பார்ப்பதற்கு மேல் அது தாங்காது.

அழைப்பு வந்தால் நெட் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. போனில் வோல்ட்டி (4ஜியிலேயே அழைப்பு பேசும் வசதி) ஆஃப் ஆகியிருந்தால், அழைப்பின்போது போன் 4ஜியிலிருந்து பழைய நெட்வொர்க்குக்கு இறங்கும், டேட்டா அறுந்துவிடும். சிம் செட்டிங்ஸில் அதை ஆன் செய்யுங்கள். இரண்டு சிம் போட்டிருந்தால், டேட்டா ஒரு சிம்மிலும் அழைப்பு இன்னொன்றிலும் இருக்கும்போதும் டேட்டா நிற்கும். ‘அழைப்பின்போது டேட்டா’ என்ற பொருளில் ஒரு சுவிட்ச் உங்கள் போனில் இருந்தால் ஆன் செய்து பாருங்கள். ஆனால் அது அழைப்பு வந்த சிம்மின் டேட்டாவை எடுத்துக்கொள்ளும், அதிலும் ரீசார்ஜ் இருக்க வேண்டும். இல்லையென்றால் மீட்டிங் நேரத்தில் இரண்டாவது சிம்மை அணைத்துவைப்பதுதான் வழி.

சரி, டாங்கிள். அதுவும் இதே டவரைத்தான் பிடிக்கும்; சிக்னல் இல்லாத வீட்டில் அதனால் ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது. நீங்கள் போனோடு வெளியே போகும்போது வீட்டில் இருப்பவர்களுக்கும் நெட் வேண்டும் என்றால் தனியாக ஒன்று வாங்குவது நியாயமே. அப்படி வாங்குவதானால், வெளி ஆன்டெனா பொருத்த இடமுள்ள 4ஜி சிம் ரவுட்டராகப் பாருங்கள். அதற்கு முன், வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் உறவினர்கள் வீட்டுக்கு வரும்போது அதே ஜன்னலில் அவர்கள் போனிலும் டிபிஎம் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த கம்பெனி சிம் வாங்குவது என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.