மணிக்கட்டு முறிவை லேசாக விட்டுவிடாதீர்கள்

அம்மாவுக்கு 67 வயது, குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது, மாவுக்கட்டுப் பிரித்தாயிற்று, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.3 தான், அதனால் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) இல்லை என்கிறார்கள், இத்தோடு விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடாதீர்கள். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்ற கோட்டை 1994-இல் உலக சுகாதார நிறுவனம் போட்டது; அந்தக் கோட்டைத் தொடாத நிறையப் பேருக்கும் எலும்பு முறியத்தான் செய்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே முறிந்தது என்றால் அடுத்தது இடுப்பாகவும் இருக்கலாம். 2000 முதல் 2010 வரை உலக அளவில் 'எலும்பு மூட்டுப் பத்தாண்டு' என்றே ஒரு விழிப்புணர்வு இயக்கம் நடத்தினார்கள், ஆனாலும் கட்டைப் பிரித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை!

ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் கணிப்பான் இணையத்தில் இருக்கிறது. வயது, எடை, பழைய முறிவு, ஸ்டீராய்டு, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்றெல்லாம் கேட்டு அடுத்த 10 வருடத்தில் எலும்பு முறியும் அபாயத்தைச் சதவீதமாகக் காட்டும். அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எலும்பு முறிவைத் தடுக்கத் தரும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை எழுதிக்கொடுத்தால் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். என் சித்தி ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்து, இரண்டு நாள் நெஞ்செரிச்சலில் தவித்தார்.