பேஸ் எங்க போச்சு?

அன்புள்ள சார்,

2011ல அமெரிக்க மெட்டல் பேண்டு மெட்டாலிகா பெங்களூரு வந்தப்ப கோயம்புத்தூர்லேருந்து பஸ் ஏறிப் போய் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல நின்னு பாத்தவன் நான். ஆனா என்னைப் பொறுத்தவரை 1988ஓட அவங்க முடிஞ்சுட்டாங்க. 91ல பாப் ராக்ங்கற தயாரிப்பாளரைக் கூட்டிட்டு வந்து ரேடியோவுக்கு வித்துட்டாங்க, 96ல முடிய வெட்டிக்கிட்டு ப்ளூஸ் வாசிச்சாங்க, செயின்ட் ஆங்கர் ஆல்பத்துல தகர டப்பாவைத் தட்டினாங்க. இப்ப என் 15 வயசுப் பையன் அவங்களோட 72 சீசன்ஸ் ஆல்பத்தை ஓயாம கேக்கறான். அவனை எந்த ஆல்பத்துலேருந்து ஆரம்பிக்கச் சொல்லட்டும்?

தம்பி,

ராத்திரி பஸ்ல போய் நின்னு கேட்டீங்கல்ல, அதுக்காகவே உங்க மேல பாசம்தான், அந்த உரிமைலதான் திட்டவும் போறேன். செயின்ட் ஆங்கர்ல அந்த ஸ்நேர் டிரம் சத்தம் தகர டப்பாதான், விடுங்க. ரேடியோவுக்கு வித்த கதையும் புதுசில்ல, 1984ல ஃபேட் டு பிளாக் பாட்டுல அக்கூஸ்டிக் கிட்டார் எடுத்ததுக்கே இதைத்தான் சொன்னாங்க. ஆனா 1988ஓட முடிஞ்சதுனு எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் சுருக்குனுச்சு, ஏன்னா ரெண்டு மாசமா அந்த வருஷம் வந்த ஜஸ்டிஸ் ஃபார் ஆல் ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுட்டிருக்கேன்.

1992ல ஹாஸ்டல்ல இருந்தப்ப, அந்த ஆல்பத்தை ஒரு சி-90 கேசட்ல பதிஞ்சு வாங்கினேன். ரூம்ல போட்டா பேஸ், அதான் அந்தக் கனமான அடிச்சத்தம், வரவேயில்ல. டேப்ரிக்கார்டர்தான் போச்சுனு பஞ்சுல ஸ்பிரிட் நனைச்சு ஹெட்டைத் துடைச்சேன், ஈக்வலைசர்ல பேஸை முழுசா ஏத்தினேன், ஹெட் பக்கத்துல இருக்கற குட்டி ஸ்க்ரூவைத் திருகி இருந்த சிம்பல் சத்தத்தையும் மங்கடிச்சேன். அப்பறம் இளையராஜா கேசட்டைப் போட்டா பேஸ் கும்முனு வருது. பதிவே அப்படித்தான்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

1986 செப்டம்பர்ல ஸ்வீடன்ல பஸ் கவுந்து அவங்க பேஸ் கிட்டார் வாசிச்ச க்ளிஃப் பர்ட்டன் 24 வயசுல செத்துப்போறார். அந்த இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். செத்தவன் மேல இருந்த துக்கத்தையெல்லாம் வந்தவன் மேல கோவமா காட்டினாங்க, மிக்ஸ்ல அவர் வாசிச்சதைக் காதுலயே விழாத அளவுக்கு இறக்கிட்டாங்க. இத்தனைக்கும் அந்த ஆல்பத்தோட முதல் பாட்டு பிளாக்கன்டை எழுதினவங்கள்ல அவர் பேரும் இருக்கு. தான் எழுதின பாட்டுல தன் கை கேக்கலன்னா ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? இதுக்கு நீங்க ஒருநாளாவது கோவப்பட்டிருக்கீங்களா? முடிவெட்டினதுக்கு இத்தனை வருஷமா கோவப்படறீங்களே!

நீங்க சுத்தம்னு சொல்ற கடைசி ஆல்பத்துலதான் ஒரு ஆளை அழிச்சு வெச்சிருக்காங்க. நீங்க துரோகம்னு சொல்ற 91 ஆல்பத்துலதான் அந்த ஆள் வாசிக்கறது ஒழுங்கா கேக்குது. பாப் ராக் வந்ததாலதான் அது நடந்துச்சு. அதுல சேட் பட் ட்ரூ பாட்டை சுருதியை ஒரு முழு ஸ்டெப் இறக்கி ட்யூன் பண்ணி வாசிக்கறப்ப நெஞ்செலும்புல வந்து இடிக்குதே, அது ஜேசன் விரலும் சேந்ததுதான். மாத்தாம இருந்திருந்தா அவரை நாம கேட்டே இருக்கமாட்டோம். 2001ல அவர் கெளம்பிட்டார், அதுவே எனக்கு இன்னும் ஆறல.

96ல வந்த லோட் ஆல்பம் பத்தி ஒண்ணே ஒண்ணு. பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு 16 வயசுல அம்மா கேன்சர்ல போயிட்டாங்க, மருந்து எடுக்கக்கூடாதுங்கற மதநம்பிக்கை இருந்த வீடு அது. அந்த அம்மாவைப் பத்தி அதுல மாமா செட்னு ஒரு பாட்டு பாடறார். அதை பழைய திராஷ் மெட்டல் வேகத்துலயா பாடச் சொல்றீங்க? அம்மாவை நெனச்சு அழற ஒருத்தன் முன்னாடி நின்னுட்டு தலைமுடி எங்கனு கேக்கறீங்க தம்பி, அது நல்லால்ல.

பையன் விஷயம். வருஷத்துக்கு நாலு சீசன், 72 சீசன்ஸ்னா 18 வருஷம், ஒருத்தனோட வளந்த காலம் முழுக்க. உங்க பையனுக்கு இப்ப 60 சீசன் ஆச்சு, அவன் கேக்கறதைப் புடுங்காதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை நல்ல ஸ்பீக்கர்ல பிளாக்கன்டும் சேட் பட் ட்ரூவும் அடுத்தடுத்து போடுங்க, நீங்க ஒரு வார்த்தை பேசாதீங்க. அப்பா மொத பாட்டுல பேஸ் எங்கனு அவன் கேட்டான்னா எனக்கு ஒரு வரி எழுதுங்க.