எப்போது பிளாஸ்மா?

கேள்வி: பிளாஸ்மாவில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமம், மொத்தத்தில் அது நடுநிலை என்கிறார்கள். அப்படியானால் சாதாரண வாயுவிலிருந்து எப்படி வேறுபடுகிறது? டிபை நீளத்தின் சூத்திரம் மனப்பாடம், பொருள்தான் பிடிபடவில்லை.
(எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி, திருநெல்வேலி)

பதில்: அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, மிஞ்சிய அயனிகளோடு கலந்து திரியும் வாயுதான் பிளாஸ்மா. நடுநிலை என்றதும் உள்ளே மின்புலமே கிடையாது என்று நினைத்துவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பிளாஸ்மாவுக்குள் ஒரு நேர் மின்னூட்டத்தை வைத்துப் பாருங்கள். எலெக்ட்ரான்கள் அதைச் சூழ்ந்து அதன் புலத்தை மறைக்கப் பார்க்கும், ஆனால் வெப்பத்தால் ஓடிக்கொண்டே இருப்பதால் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளாது. இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் புலம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறதோ, அதுதான் டிபை நீளம். சூடு கூடினால் நீளும், அடர்த்தி கூடினால் குறுகும், அவ்வளவுதான்.

வளிமண்டலத்தின் உயரத்தில் பிளாஸ்மாவாக இருக்கும் அயனி மண்டலத்தையே எடுத்துக்கொள்வோம். நடுப்பகலில் அதன் அடர்ந்த அடுக்கில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி எலெக்ட்ரான்கள், வெப்பநிலை (ஆற்றல் அலகில் சொன்னால்) 0.1 எலெக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால் டிபை நீளம் 2.35 மில்லிமீட்டர்தான் வருகிறது. பல கிலோமீட்டர் தடிமனுள்ள அடுக்குக்கு இது ஒன்றுமே இல்லை, அதனால்தான் அதை நடுநிலை என்கிறோம். 2 மில்லிமீட்டருக்குள் போனால் அந்தப் பேச்சு செல்லாது.

அப்புறம் காலம். எலெக்ட்ரான்களைக் கொஞ்சம் நகர்த்தினால் அயனிகள் திரும்ப இழுக்கும், எலெக்ட்ரான்கள் வந்த வேகத்தில் தாண்டிப் போகும், மறுபடி திரும்பும். மேலே சொன்ன அடர்த்திக்கு இந்த அலைவு நொடிக்கு சுமார் 90 லட்சம் முறை, அதாவது 9 மெகாஹெர்ட்ஸ். நேர் மேலே அனுப்பும் வானொலி அலை இதைவிட மெதுவாக அதிர்ந்தால் எலெக்ட்ரான்கள் ஈடுகொடுத்து அதைத் திருப்பி அனுப்பிவிடும். சாய்வாகப் போனால் இன்னும் கூடுதல் அதிர்வெண்ணும் திரும்பும். கடல் கடந்த சிற்றலை ஒலிபரப்பு நம் வீட்டில் கேட்பது இப்படித்தான். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலையோ துளைத்துக்கொண்டு போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: எலெக்ட்ரானின் வெப்ப வேகத்தை பிளாஸ்மாவின் கோண அதிர்வெண்ணால் வகுத்தால் அதே டிபை நீளம் வந்து நிற்கும். நோட்டை எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள், சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

பிளாஸ்மா என்று சொல்ல, அதன் அளவு டிபை நீளத்தைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்று பார்த்தோம்; இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. டிபை நீளத்தை ஆரமாகக் கொண்ட கோளத்துக்குள் ஏராளமான எலெக்ட்ரான்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் உதாரணத்தில் 50,000-க்கு மேல் இருக்கின்றன. நடுநிலை அணுக்களோடு மோதுவதும் இந்த அலைவைவிட அரிதாக இருக்க வேண்டும். சரி, இப்போது டோகாமாக்குக்கு (காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் அணுக்கரு இணைவுக் கருவி) போட்டுப் பாருங்கள்: 10,000 எலெக்ட்ரான் வோல்ட், கன மீட்டருக்கு 10 கோடி லட்சம் கோடி (10²⁰) எலெக்ட்ரான்கள். நீளம் 0.07 மில்லிமீட்டர், கோளத்துக்குள் சுமார் 17 கோடி எலெக்ட்ரான்கள் வர வேண்டும்.