வேலை இருக்கு, செய்ய ஒண்டும் இல்ல

தம்பி, பட்டம் முடிச்சிட்டு கந்தோரில நாள் முழுக்க சும்மா இருக்கன், ஞாயிறு பின்னேரமே நெஞ்சு படபடக்குது எண்டு எழுதியிருந்தீங்க. அது சோம்பல் இல்ல. 2020ல இலங்கை அரசாங்கம் பட்டதாரிகளைக் கூட்டமா வேலைக்கு எடுத்த நேரம் எங்கட கந்தோரில ஒரு மேசைக்கு மூண்டு பேர். பழைய ஃபைலுக்குப் புது நூல் கட்டிக் கட்டியே ஒரு மாரியை ஓட்டினன். வீட்டில புள்ளையோட எரிஞ்சு விழத் தொடங்கினன். வெளியில சொன்னா, "சும்மா சம்பளம், இவருக்கென்ன குறை" எண்டுவாங்க. அதுதான் கூட வலிச்சது.

மேலதிகாரியிட்ட "வேலை தாங்க" எண்டு பொதுவாக் கேக்காதீங்க, தட்டிக்கழிப்பார். வேலையைப் பேர் சொல்லிக் கேளுங்க: பயனாளிப் பட்டியலை எக்செல்லில போடுறன் எண்டு நான் கேட்டன், உடனே தந்தார். நித்திரை இல்லாம ரெண்டு கிழமை தாண்டினா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போங்க. நடுச்சாமத்தில எண்டா 1926 எண்ட தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அடியுங்க.