பி.காம். படித்த பெண்ணுக்குக் குடோன் வேலையா?

சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் குடோனில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, பி.காம். படித்தது இதற்குத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். எந்தப் பிரிவு என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இன்வர்ட் பிரிவு கிடைத்தால் நல்லது. சப்ளையரின் லாரி வந்ததும் ஆர்டர், பில், இறங்கிய பெட்டிகள் மூன்றும் ஒத்துப்போகின்றனவா, எம்.ஆர்.பி., எக்ஸ்பயரி தேதி சரியா என்று பார்க்கும் இடம் அது. வந்த 48 பெட்டியை 50 என்று பதிந்துவிட்டால், வராத 2 பெட்டிக்கும் பணம் போய்விடும். அந்த 2 பெட்டி கணக்கில் மட்டும் இருக்கும்.

கடையிலும் இப்படி நடக்கும். ஒரே விலையில் எலுமிச்சை சோப்பு 5, ரோஜா சோப்பு 5 பில் போட வருகின்றன. அவசரத்தில் எலுமிச்சையையே 10 முறை ஸ்கேன் செய்தால் பில் தொகை மாறாது. ஆனால் விற்றுப்போன 5 ரோஜா சோப்பும் கணினியில் இருப்பாகவே நிற்கும். ரேக் காலியாகக் கிடக்கும், கணினியோ ஆர்டர் போடாது. இதைத் தேடிப் பிடிக்கத்தான் தினமும் சில பொருட்களை எடுத்து நேரில் எண்ணிப் பார்க்கிறார்கள்.

எப்போது ஆர்டர் போடுவது என்பதைத் திட்டமிடல் பிரிவு பார்க்கும். அதற்கும் கணக்கு உண்டு. ஒரு பொருள் தினமும் 40 பாக்கெட் விற்கிறது, சரக்கு வந்துசேர 3 நாள், அவசரத்துக்குக் கையில் 60 வேண்டும் என்றால், இருப்பு 180-க்கு இறங்கியதும் ஆர்டர் போக வேண்டும். கூட்டல் பெருக்கல் யாருக்கும் வரும். சிக்கல் அந்த 40-ல்தான். ரேக் 2 நாள் காலியாக இருந்தால் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகி, சராசரி குறையும். அடுத்த ஆர்டரும் குறைந்து, ரேக் மறுபடி காலியாகும். விற்காத நாளையும் சரக்கே இல்லாத நாளையும் பிரித்துப் பார்ப்பவர்தான் திட்டமிடல் பிரிவுக்குத் தேவை. உங்கள் மகளின் கணக்குப் படிப்பு அங்கே உதவும். பெட்டிகள் இறங்குவதைப் பார்க்காமல் நேரே கணினி முன் உட்காருபவருக்கு இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது.

எக்ஸலில் பிவட் (நீண்ட பட்டியலைத் தொகுத்துக் காட்டுவது), வி-லுக்அப் (இன்னொரு பட்டியலிலிருந்து விவரம் தேடி எடுப்பது) இரண்டும் கைவந்திருக்கட்டும். 'வேலை உறுதி' என்று சொல்லி லட்சம் கேட்கும் சான்றிதழ் வகுப்பில் இப்போது சேர்க்க வேண்டாம். ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு எது தேவை என்று மகளுக்கே தெரியும்.

சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: சம்பளம் நிறுவனம் தருமா, ஒப்பந்ததாரரா? பி.எஃப். உண்டா? இரவு ஷிஃப்ட் இருந்தால் வீடுவரை வண்டி வருமா? ஒப்பந்ததாரர் மூலம் என்றால், ஒரு வருடத்துக்குப் பின் திட்டமிடல் பிரிவுக்கு மாற வழி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.